‘டூ யூ வேர்க் அவுட்?’ – மலையகத்தில் உடற்பயிற்சியைத் தொடங்குபவருக்கு வாய்க்கு வேண்டிய ஆங்கிலம்

இலங்கை மலையகத்தில், எல்ல என்கிற ஊர்ப் பக்கம் ஒரு வெளிநாட்டுக் குழுவுக்குப் பை சுமக்கப் போன முதல் நாள் அது. என் முதுகிலும் தோளிலுமாக இரண்டு பைகள். பின்னால் வந்த வெள்ளைக்காரர் என்னையும் பைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘டூ யூ வேர்க் அவுட்?’ என்று கேட்டார். வெளியில் வேலை செய்கிறாயா என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்தேன். அப்போது எனக்குத் தேயிலை இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை. கொழுந்து வாட்டுகிற மாடியில். ஆகவே நேர்மையாக, ‘நோ சேர், ஐ வேர்க் இன்சைட்’ என்றேன்.

மனிதர் ஒரு கணம் முழித்தார். பிறகு சிரிக்காமல் தலையை ஆட்டிக்கொண்டு நடந்தார். அவர் கேட்டது, ‘உடற்பயிற்சி செய்வீர்களா?’ என்று. இது எனக்குத் தெரியவர மூன்று மாதம் ஆனது.

அந்த மூன்று மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். ஹட்டனிலோ பதுளையிலோ புதிதாக ஜிம்மில் சேர்ந்தவர்கள், நுவரெலியா ஹோட்டல்களில் வேலைக்குப் போனவர்கள், பீக்கோ ட்ரெயில் என்கிற மலைநடைப் பாதைப் பக்கம் வழிகாட்டியாகப் போக நினைக்கிறவர்கள், வெறுமனே காலையில் நடக்கத் தொடங்கியவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு நல்ல பெறுபேறு வாங்கியிருப்பீர்கள். ஆனாலும் ஜிம் மாஸ்டர் பேசுவது பாதி புரியாது. அவர் பேசுவது பாடப்புத்தக ஆங்கிலம் இல்லை. அதோடு நம் ஊர் ஜிம்கள் பலவற்றில் மாஸ்டருக்குத் தமிழ் வராது, நமக்குச் சிங்களம் அரைகுறை. நடுவில் கைகொடுப்பது இந்த ஆங்கிலத் துண்டுகள்தான்.

ஆங்கிலத் தொடர்களை இங்கே காதில் விழுகிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் காது பழகட்டும். நம் தாத்தா பாட்டிமார் ஆங்கிலம் கற்றதும் இப்படித்தானே. ‘பரேட்’ பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பது) ஆனது, ‘லைன்’ லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) ஆனது, ‘ஸ்டோர்’ இஸ்டோர் ஆனது. எழுத்தைப் பார்க்காமல் காதால் வாங்கி உடம்பால் பழகிய சொற்கள் அவை.

முதலில்: வாலில் தொங்கும் சின்னச் சொல்லைப் பிடியுங்கள்

‘வேர்க்’ என்றால் வேலை. ‘வேர்க் அவுட்’ என்றால் உடற்பயிற்சி. பின்னால் ஒட்டிய ‘அவுட்’ அர்த்தத்தையே மாற்றிவிடுகிறது. இருபது கிலோ கொழுந்தோடு மலை இறங்குகிற அம்மா நாள் முழுக்க ‘வேர்க்’ செய்கிறார். ஒரு நாளும் ‘வேர்க் அவுட்’ செய்ததில்லை. கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற மகன் மாலையில் காசு கட்டி ‘வேர்க் அவுட்’ செய்கிறான். யோசித்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது, அதைப் பிறகு பேசலாம்.

‘அப்’ வந்தால் பெரும்பாலும் ஏதோ கூடுகிறது. ‘வோர்ம் அப்’ உடம்பைச் சூடேற்றுவது. ‘பில்ட் அப்’ கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. ‘கீப் இட் அப்’ என்றால் ‘இப்படியே விடாமல் செய்’. ‘கிவ் அப்’ மட்டும் எதிரி, கைவிடுவது. ‘டவுன்’ வந்தால் குறைகிறது: ‘ஸ்லோ டவுன்’ வேகத்தைக் குறை, ‘கூல் டவுன்’ பயிற்சி முடிந்தபின் மெல்ல ஆறவிடு. ‘ஒஃப்’ வந்தால் ஏதோ கழன்று போகிறது: ‘பேர்ன் ஒஃப்’ சாப்பிட்டதை எரித்துத் தீர்ப்பது, ‘வோக் இட் ஒஃப்’ லேசான வலியை நடந்தே போக்குவது.

இன்னொன்றையும் இப்போதே பழகிவிடுங்கள். நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. தமிழில் எல்லாவற்றுக்கும் ‘செய்கிறேன்’, ‘விளையாடுகிறேன்’ போதும். ஆங்கிலத்தில் மூன்றாகப் பிரியும். பந்து இருந்தால், எதிரணி இருந்தால் ‘ப்ளே’: ப்ளே கிரிக்கெட், ப்ளே வொலிபோல். சொல்லின் வாலில் ‘இங்’ இருந்தால் பெரும்பாலும் ‘கோ’: கோ ரன்னிங், கோ ஸ்விம்மிங், கோ ஹைக்கிங். மற்றவற்றுக்கு ‘டூ’: டூ யோகா, டூ புஷ் அப்ஸ், டூ ஸ்ட்ரெச்சஸ். ‘ப்ளே ஸ்விம்மிங்’ என்று சொன்னால் கேட்கிறவருக்கு ஆற்றங்கரையில் பிள்ளைகள் கும்மாளம் போடுவதுதான் நினைவுக்கு வரும். ‘கோ ஃபோர் எ வோக்’, ‘கோ ஃபோர் எ ரன்’ என்றும் சொல்லலாம். சொல்லப்போனால் இதுதான் அதிகம் புழங்குவது. ‘ஐ வென்ட் ஃபோர் எ வோக்’ என்பதை ஒரே மூச்சில், ஒரே சொல்லாக, பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள்.

‘ஃபிட்’ என்ற சொல்லிலும் ஒரு கண்ணி உண்டு. ‘ஐம் ஃபிட்’ என்றால் திடகாத்திரமாக இருக்கிறேன். வாலில் ‘ஸ்’ சேர்த்தால் வலிப்பு. ‘கீப் ஃபிட்’ என்பதை ‘கீப் ஃபிட்ஸ்’ என்று ஒரு தம்பி எழுதி ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

ஜிம்மில் முதல் வாரம்

போனதும் மாஸ்டர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘வொட்ஸ் யுவர் கோல்?’ என்பதாக இருக்கும். கோல் என்றால் இலக்கு. இதற்கு மூன்று பதில்களைத் தயாராக வைத்திருந்தால் போதும். நிறை குறைக்க: ‘ஐ வொன்ட் டு லூஸ் வெயிட்.’ சதை போட்டு உடம்பைப் பெருக்க: ‘ஐ வொன்ட் டு பல்க் அப்.’ இரண்டும் இல்லை, பழையபடி உடம்பு கட்டுக்குள் வந்தால் சரி என்றால்: ‘ஐ ஜஸ்ட் வொன்ட் டு கெட் பெக் இன் ஷேப்.’ ‘இன் ஷேப்’ என்றால் உடம்பு கட்டோடு இருக்கிறது, ‘அவுட் ஒஃப் ஷேப்’ என்றால் படி ஏறினாலே இளைக்கிறது. உருவம், வடிவம் என்று யோசிக்காதீர்கள். ஒல்லியான ஆளும் ‘அவுட் ஒஃப் ஷேப்’ ஆக இருக்கலாம்.

அடுத்து ‘ரெப்’, ‘செட்’. ஒரு முறை தூக்கி இறக்கினால் ஒரு ரெப். நிறுத்தாமல் பத்து ரெப் செய்துவிட்டு ஓய்வெடுத்தால் ஒரு செட். ‘த்ரீ செட்ஸ் ஒஃப் டென்’ என்றால் பத்துப் பத்தாக மூன்று தடவை. ‘டு ஃபெயிலியர்’ என்று மாஸ்டர் சொன்னால் முகம் சுண்ட வேண்டாம், இது பரீட்சை ஃபெயில் இல்லை. இனி ஒரு தடவைகூடத் தூக்க முடியாது என்கிற வரைக்கும் செய் என்கிறார். முதல் மாதத்தில் அது தேவையில்லை என்பது என் கருத்து.

இயந்திரத்தில் யாரோ உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார். ‘எழும்புங்க’ என்று சொல்ல முடியாது. ‘ஆர் யூ யூஸிங் திஸ்?’ என்று கேளுங்கள். ஆம் என்றால், ‘ஹவ் மெனி செட்ஸ் லெஃப்ட்?’ இன்னும் நிறைய இருக்கிறது என்றால், ‘கென் ஐ வேர்க் இன்?’

பார்த்தீர்களா, ‘அவுட்’ போய் ‘இன்’ வந்துவிட்டது. அவர் ஓய்வெடுக்கும் இடைவெளியில் நான் ஒரு செட் செய்துகொள்ளலாமா என்பதுதான் ‘வேர்க் இன்’. முதன்முதலில் ஒரு பையன் என்னிடம் இப்படிக் கேட்டபோது, வேலை கேட்கிறான் என்று நினைத்து மாஸ்டரைக் கையால் காட்டிவிட்டேன்.

பாரம் தூக்கும்போது பக்கத்தில் ஆள் வேண்டும். ‘குட் யூ ஸ்பொட் மீ?’ என்று கேளுங்கள். நான் தூக்கும்போது பக்கத்தில் நில், முடியாமல் போனால் பிடித்துக்கொள் என்று அர்த்தம். கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுகிறவர்கள்தான் நெஞ்சின் மேல் கம்பியோடு கிடப்பார்கள். ‘ஒன் மோர்! யூ கொட் திஸ்!’ என்று அவர் கத்தினால் அது உற்சாகம். ‘யூ கொட் திஸ்’ என்பதற்கு ‘உனக்கு இது கிடைத்தது’ என்று பொருள் இல்லை. ‘உன்னால முடியும்டா’ என்பதுதான்.

நம் காதுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. தன் சொந்தச் சாதனையை முறியடித்தால், ‘பர்சனல் பெஸ்ட்’ என்பதைச் சுருக்கி ‘பி.பி.’ என்பார்கள். நமக்குப் பி.பி. என்றால் இரத்த அழுத்தம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றேதான். ‘ஐ கொட் எ பி.பி. டுடே!’ என்று துள்ளிக் குதித்து ஒருவர் சொன்னால் ‘ஐயோ, மருந்து எடுத்தீங்களா?’ என்று கேட்டுவிடாதீர்கள்.

சுவரில் ‘நோ பெய்ன், நோ கெய்ன்’ என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். வலி இல்லாமல் வளர்ச்சி இல்லையாம். இந்தத் தொடரைப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள். ஏன் என்பதை வலி பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

வோர்ம் அப்: நம் குளிருக்கு இது கட்டாயம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் விரல் மடங்காது. அந்த நேரத்தில் எடுத்த எடுப்பில் ஓடினால் தசை கோபித்துக்கொள்ளும். ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுநடை, கை கால் சுழற்றல். ‘லெட்ஸ் வோர்ம் அப் ஃபர்ஸ்ட்’ என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

வியர்க்கத் தொடங்கினால் ‘ஐம் ஸ்வெட்டிங்’. ‘ஸ்வீட்டிங்’ இல்லை, ‘பெட்’ மாதிரி ‘ஸ்வெட்’. மறந்துபோனால் போட்டிருக்கும் சுவெட்டரைப் பாருங்கள். அந்தப் பெயரே வியர்வையிலிருந்து வந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், வியர்க்க வைப்பதற்காக விளையாட்டு வீரர்கள் போட்ட கம்பளிச் சட்டைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். குளிருக்காக அதைப் போடுகிற நாம் அதே சட்டையைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறோம்.

மலையில்: மூச்சும் வேகமும்

‘மூச்சு வாங்குது’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? தமிழில் நாம் மூச்சை வாங்குகிறோம். ஆங்கிலத்தில் அது கையை விட்டுப் போய்விடும், பிறகு துரத்திப் பிடிக்க வேண்டும். ‘ஐம் அவுட் ஒஃப் ப்ரெத்’: மூச்சு இளைக்கிறது. ‘லெட் மீ கேட்ச் மை ப்ரெத்’: கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறேன். பெயர்ச்சொல் ‘ப்ரெத்’, வினைச்சொல் ‘ப்ரீத்’. ‘ப்ரீத் இன், ப்ரீத் அவுட்’ என்று மாஸ்டர் சொல்லும்போது நீட்டிச் சொல்வதைக் கவனியுங்கள்.

எவ்வளவு கஷ்டப்பட்டு நடக்கிறோம் என்று அளக்க இயந்திரம் தேவையில்லை. ‘டோக் டெஸ்ட்’ என்று ஒன்று உண்டு. நடக்கும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது ‘மொடரேட்’, நடுத்தர வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியாமல் மூச்சு வெட்டுகிறது என்றால் ‘விகரஸ்’, கடும் வேகம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மொடரேட். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. ஐந்து நாளுக்குப் பிரித்தால் குறைந்தது நாளொன்றுக்கு அரை மணி நேரம். லயத்திலிருந்து குறுக்குப் பாதையால் றோட்டுக்கு இறங்கி மறுபடி ஏறுகிறவருக்கு அதில் பாதி அங்கேயே முடிந்துவிடும். டவுனில் வீடெடுத்து, ஓட்டோவில் போய் ஓட்டோவில் வருகிறவருக்குத்தான் சிக்கல். அவரை ஆங்கிலத்தில் ‘கவுச் பொட்டேடோ’ என்பார்கள்: சோபாவை விட்டு எழும்பாத ஆள். நுவரெலியாக் கிழங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் கிழங்கு பாவம், மண்ணுக்குள் கிடந்து உழைத்து வருவது.

சிவனொளிபாதமலைக்குப் போயிருப்பீர்கள். உயரம் 2,243 மீட்டர். டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் போயா வரை யாத்திரைக் காலம். நல்லதண்ணிப் பக்கத்தால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். நடுச்சாமத்தில் புறப்படுகிற இளவட்டங்கள் முதல் அரை மணி நேரம் ஓடுவார்கள், கத்துவார்கள். நடுவழிக் கடையில் அதே கூட்டம் பிளேன்டீயைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருக்கும். பக்கத்தில் ஒரு கிழவி கம்பை ஊன்றி, நிற்காமல், அவசரப்படாமல் கடந்து போவார். அந்தக் கிழவி செய்வதற்கு ஆங்கிலத்தில் ‘பேஸிங் யுவர்செல்ஃப்’ என்று பெயர். முழுத் தூரத்துக்கும் பலம் காணும்படி வேகத்தைப் பங்கிடுவது. யாராவது அவசரப்பட்டால் ‘பேஸ் யுவர்செல்ஃப்’ என்று சொல்லுங்கள். அளவுக்கு மீறினால் ‘டோன்ட் ஓவர்டூ இட்’. ஒரு கட்டத்தில் இனி முடியாது என்று இருக்கும்போது திடீரென்று புதுத்தெம்பு வருமே, அதுதான் ‘செகண்ட் விண்ட்’. ‘ஐ கொட் மை செகண்ட் விண்ட்’ என்றால் மறுபடி உயிர் வந்துவிட்டது.

வழிகாட்டியாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பீக்கோ ட்ரெயில் கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் போகிறது. வருகிறவர்கள் ‘ஹவ் ஃபார் இஸ் இட்?’ என்று அரை மணிக்கு ஒருமுறை கேட்பார்கள். நம் பழக்கம் என்ன? ‘இந்தா, பக்கத்துலதான்.’ அதையே ஆங்கிலமாக்கி ‘ஒன்லி ஃபைவ் மினிட்ஸ்’ என்று சொல்லிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் என்றால் அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ‘அனதர் ஃபோர்ட்டி மினிட்ஸ், ஒல் அப்ஹில்’ என்று உள்ளதைச் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். தண்ணீரைப் பார்த்துக் குடிப்பார்கள், அவ்வளவுதான். ‘ஓல்மோஸ்ட் தெயர்’ என்பதை உச்சி கண்ணுக்குத் தெரிந்தபிறகு மட்டும் சொல்லுங்கள்.

வலிக்குச் சரியான பெயர் வையுங்கள்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். மற்றதில் தவறினால் சிரிப்பார்கள். இதில் தவறினால் தவறான வைத்தியம் நடக்கும்.

முதலில் உறுப்புகளின் பெயர். தமிழில் இடுப்புக்குக் கீழே எல்லாமே ‘கால்’. ‘கால் வலிக்குது’ என்றால் தொடையா, முழங்காலா, பாதமா என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் கேட்பார்கள். முழங்கால் ‘நீ’. தொடை ‘தை’. ஆமாம், நாம் ‘நீ, நான்’ என்கிற அதே நீ, தைப்பொங்கல் வருகிற அதே தை. இதைவிட இலேசாக ஞாபகம் வைக்க வழியே இல்லை. கெண்டைக்கால் ‘காஃப்’ (கன்றுக்குட்டிக்கும் அதே சொல்), கணுக்கால் ‘ஆங்கிள்’, பாதம் ‘ஃபுட்’. கையும் அப்படித்தான்: மணிக்கட்டுக்குக் கீழே ‘ஹேண்ட்’, மேலே ‘ஆர்ம்’.

அடுத்து, ‘மை லெக் இஸ் பெய்னிங்’ என்று நாம் எல்லாரும் சொல்வோம். இங்கே புரியும். வெளிநாட்டவர் ‘மை லெக் ஹர்ட்ஸ்’ என்பார்கள். ‘மை நீ ஹர்ட்ஸ்’ என்று பழகுங்கள்.

இனி வலியின் வகைகள். இதில் தமிழ் ஏழை இல்லை. கடுப்பு, உளைச்சல், குடைச்சல், பிடிப்பு, சுளுக்கு, குத்து என்று நம் அம்மாமார் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்வார்கள். ஆனால் ஆங்கிலம் பேசும்போது எல்லாவற்றையும் ‘பெய்ன்’ என்று ஒரே சாக்கில் கட்டிவிடுகிறோம்.

மலை ஏறி இறங்கிய மறுநாள் தொடை முழுக்கக் கடுப்பெடுக்கிறதே, அது ‘ஸோர்’. ‘மை தைஸ் ஆர் ஸோர்.’ இது பழக்கமில்லாத வேலையைத் தசை செய்ததால் வருவது. அடுத்த நாள் தொடங்கி, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வந்து, தானாக வடியும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் இது அதிகம் வரும். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது, அதனால். சிவனொளிபாதமலைக்குப் போய் வந்த மறுநாள் படியில் பின்பக்கமாக இறங்கியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

தசை இறுகி மடக்க நீட்டக் கஷ்டமாக இருந்தால் ‘ஸ்டிஃப்’. திடீரென்று கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் ‘க்ராம்ப்’: ‘ஐ கொட் எ க்ராம்ப் இன் மை காஃப்.’ ஓடும்போது விலாவில் குத்தினால் ‘ஸ்டிட்ச்’: ‘ஐ ஹேவ் எ ஸ்டிட்ச்.’ தையல் போட்டிருக்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இவை மூன்றும் நின்று, மெல்ல நீவி, மூச்சு விட்டால் போய்விடும்.

பயப்பட வேண்டியவை வேறு. கணுக்கால் மடங்கி வீங்கினால் ‘ஸ்ப்ரெய்ன்’, சுளுக்கு: ‘ஐ ஸ்ப்ரெய்ன்ட் மை ஆங்கிள்.’ எலும்பையும் எலும்பையும் கட்டியிருக்கும் நார் பாதிக்கப்படுவது. ஏதோ அறுந்த மாதிரித் தசை இழுத்துக்கொண்டால் ‘ஐ புல்ட் எ மஸ்ஸல்’. எழுதும்போது நடுவில் வருகிற ‘க்’ ஓசை பேசும்போது வராது, ‘மஸ்க்கிள்’ என்று சொல்லாதீர்கள். கத்தி குத்திய மாதிரி ஒரே இடத்தில் சுருக்கென்றால் ‘எ ஷார்ப் பெய்ன்’. இந்த மூன்றில் எது வந்தாலும் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. சுவரில் எழுதியிருக்கும் ‘நோ பெய்ன், நோ கெய்ன்’ சொல்வது முதல் வகைக் கடுப்பைத்தான், அதையும் ஒரு அளவோடு. அதைப் படித்துவிட்டு வீங்கிய காலோடு ஓடிய ஒருவர் இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. அந்த ஒருவர் நான்தான்.

எனக்கு அன்று மாஸ்டர் சொன்னது ஒரே சொல்: ‘ரைஸ்.’ வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். ‘ரெஸ்ட், ஐஸ், கொம்ப்ரெஷன், எலிவேஷன்’ என்ற நான்கின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வருவது அந்த ‘ரைஸ்’. ஓய்வு கொடு, ஐஸ் வை, துணி சுற்றி இறுக்கு, காலை உயர்த்தி வை. நானோ சாப்பிட்ட கையோடு சுளுக்கு வழிக்கிற தாத்தாவிடம் போய் எண்ணெய் போட்டு நன்றாக உருவிக்கொண்டேன். புதுச்சுளுக்கை முதல் இரண்டு மூன்று நாள் அழுத்தி உருவக்கூடாது, வீக்கம் கூடும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கூடியது.

இன்னும் இரண்டு தொடர்கள். ‘ஐ ஃபீல் டிஸி’: தலை சுற்றுகிறது. ‘மை செஸ்ட் ஃபீல்ஸ் டைட்’: நெஞ்சை இறுக்குகிறது. இவற்றைச் சொல்லவும் பழகுங்கள், பிறர் சொன்னால் பிடித்துக்கொள்ளவும் பழகுங்கள். கூட வந்தவர் இரண்டாவதைச் சொன்னால் ‘டேக் இட் ஈஸி’ என்று தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. உட்கார வைத்துவிட்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய இலவச அம்புலன்ஸ் வரும்.

நிறையும் வாயும்

நிறை கூடினால் ‘புட் ஒன் வெயிட்’, குறைந்தால் ‘லூஸ் வெயிட்’. நடந்து முடிந்ததைச் சொல்லும்போது ‘ஐ லொஸ்ட் த்ரீ கிலோஸ்’.

இதைவிட முக்கியம், இதை யாரிடம் சொல்லக்கூடாது என்பது. நம் ஊரில் பாசத்தைக் காட்டுவதே இப்படித்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும், ‘என்னா, ஒடம்பு வச்சிருச்சு?’ ‘என்னாடி இப்படி மெலிஞ்சு போன, ஒழுங்கா சாப்பிடுறதில்லையா?’ இதையே ஆங்கிலமாக்கி ஒரு விருந்தாளியிடம் ‘யூ ஹேவ் புட் ஒன் வெயிட்’ என்றால் அவர் முகம் கறுத்துவிடும். ‘ஃபெட்’, ‘ஸ்கின்னி’ இரண்டுமே வாயில் வரக்கூடாத சொற்கள். பாராட்ட வேண்டுமானால் ‘யூ லுக் ஃபிட்’ போதும்.

சாப்பாட்டில் வருவது ‘கட் டவுன்’, ‘கட் அவுட்’. நாளைக்கு ஐந்து பிளேன்டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டை ஒன்றாக்கினால் ‘ஐம் கட்டிங் டவுன் ஒன் ஷுகர்’. சீனியே இல்லாமல் குடித்தால் ‘ஐ ஹேவ் கட் அவுட் ஷுகர்’. எங்கள் வீட்டில் இரண்டாவதைச் செய்து பார்த்தேன். நான்காம் நாள் அம்மா எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தார்.

அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. ஒருமுறை வயதான ஆங்கிலேயத் தம்பதி எங்கள் லயத்தில் தேநீர் குடிக்க இறங்கினார்கள். அம்மா மலையிலிருந்து வந்து கூடையை இறக்கிவிட்டு, இளைக்காமல் அடுப்பை மூட்டுவதைப் பார்த்த அந்த ஐயா, ‘ஷீ இஸ் ஃபிட் அஸ் எ ஃபிடில்!’ என்றார். ‘என்னாவாம்?’ என்றார் அம்மா. ‘நீங்க வயலின் மாதிரி நல்லா இருக்கீங்களாம்.’ அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ‘நரம்பெல்லாம் முறுக்கிக்கிட்டு நிக்குதுனு பார்த்தவுடனே கண்டுபிடிச்சிட்டாரா?’ என்று கேட்டார். அந்தத் தொடர் கொஞ்சம் பழையது, இளசுகள் அதிகம் சொல்வதில்லை. அம்மா கேட்டதை ஆங்கிலத்தில் எப்படித் திருப்பிச் சொல்வது என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை.

எப்படிப் பழகுவது

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். வாரத்துக்கு ஐந்து தொடர் போதும். உடம்பு அதைச் செய்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏறும்போது இளைத்தால் அங்கேயே ‘ஐம் அவுட் ஒஃப் ப்ரெத்’. தேயிலை மலைக்குள் யாருக்குக் கேட்கப்போகிறது? கூட்டாளி ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒருவர் மாஸ்டர் மாதிரிக் கட்டளை போட மற்றவர் செய்ய வேண்டும், மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். புரியாத இடத்தில் தலையாட்டாதீர்கள், நான் ஆட்டிக் கெட்டேன். ‘சொரி, வொட் டஸ் தட் மீன்?’ என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக விளக்குவார்கள்.

அப்புறம் ஒரு கொப்பி. நாற்பது பக்கத்துக் கொப்பி போதும். ஒவ்வொரு இரவும் ஒரே ஒரு வரி, பெரும்பாலும் முடிந்துபோன காலத்தில். என்னுடைய முதல் வாரத்துக் கொப்பி இன்னும் இருக்கிறது. திங்கள்: ‘ஐ வென்ட் ஃபோர் எ வோக். அவுட் ஒஃப் ப்ரெத் நியர் த கோவில்.’ செவ்வாய்: ‘மை தைஸ் ஆர் ஸோர்.’ புதன்: ‘ஐ டிட் டென் புஷ் அப்ஸ்’, பத்து அடிக்கப்பட்டு ஆறு என்று திருத்தப்பட்டிருக்கிறது. வியாழன்: ‘ஐ வென்ட் ஃபோர் எ வோக். நொட் அவுட் ஒஃப் ப்ரெத் நியர் த கோவில்.’ வெள்ளிக்கிழமைக்கு நேரே, ஈரம் பட்டு ஊறிய மையில், ‘ரெயின். ரெஸ்ட் டே.’ ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் இருப்பவர்கள் ஜூன் மாதத்தில் தொடங்கினால் இந்தக் கடைசி வரியைத்தான் அதிகம் எழுத வேண்டிவரும்.